முறையீடும் அடைக்கலமும்: இடர்ப்பட்ட மகளிரின் புகலிடம் பற்றிய ஓர் இலக்கிய ஆய்வு

1. நோக்கம்

முறை வேண்டி நின்ற மகளிரைப் பாடிய புலவர் தமிழிற் பலர். முறை வேண்டிய பின் அம்மகளிர் அன்றிரவு எங்குத் தங்கினர் என்பதைப் பாடியோர் மிகச் சிலர். அவையில் எழுந்த குரலை இலக்கியம் நமக்குக் கேட்பித்தது. அவை கலைந்தபின் வாயில் கடந்து தனியே நடந்தவளை அது பெரும்பாலும் பின்தொடரவில்லை. முறையீட்டுக்கும் தீர்ப்புக்கும் இடையிலும், தீர்ப்புக்குப் பின்னரும் அவளுக்கு வேண்டிய காவலையும் துணையையும் நம் இலக்கியம் எங்கெங்கு எண்ணிற்று, எங்கெங்கு எண்ணாது விட்டது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினா நூலகத்தில் எழுந்ததன்று, வகுப்பறையில் எழுந்தது. அகநானூற்றுச் செய்யுளொன்றைப் பாடஞ் சொல்லி முடித்த நாளில் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, தண்டனை கொடுத்து முடித்த பிறகு அந்தப் பெண் எந்த வீட்டுக்குத் திரும்பினாள்?" என்று கேட்டாள். செய்யுளில் அதற்கு விடையில்லை என்று கூறி மேலே சென்றேன். சில திங்கள் கழிந்த பின்னரே அவ்வினாவின் பொருள் எனக்கு விளங்கிற்று. அவள் தமக்கை கணவனால் அடியுண்டவள்; காவல் நிலையம் ஒன்றிற் சென்று முறையிட்டவள். அங்கே இருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு, ஒற்றுமையாய் வாழும்படி அறிவுரை கூறி அனுப்பினர். அன்று மாலையே அவள் அடித்தவனோடு அதே வீட்டிற்குத் திரும்ப வேண்டியதாயிற்று. முறையிட்ட குற்றத்திற்காக அன்றிரவு அவள் பட்ட அடி, முறையிடுவதற்கு முன் பட்ட அடியினும் மிகுதி. மாணவி கேட்டது இலக்கிய வினாவாகத் தோன்றினும் அது வாழ்க்கை வினாவே. ஆசிரியன் அதற்குக் கடன்பட்டவன் ஆகின்றான். அக்கடனிற் சிறு பகுதியேனும் தீர்க்கும் முயற்சி இது.

2. சொற்களின் பொருள்

முறை என்பது நீதி. முறையிடுதலாவது நீதி கேட்டுக் குரலெழுப்புதல். திருக்குறளின் 55ஆம் அதிகாரமாகிய செங்கோன்மையில், முறை செய்யும் மன்னனுக்கு மூன்று கடமைகள் பெறப்படுகின்றன. குறையுடையார் எளிதில் அணுகத் தக்கவனாதல் ஒன்று; கேட்டதை ஆராய்தல் ஒன்று; ஆராய்ந்தபடி முறை செய்தல் ஒன்று. இம்மூன்றும் இல்லாதவன் தானே கெடுவான் என்பது அவர் துணிபு. இக்காலக் காவல் நிலையத்தின் கடமைகளும் இம்மூன்றனுள் அடங்கும். முறையீட்டைப் பெற்றுப் பதிவு செய்தல், விசாரித்தல், நடவடிக்கை எடுத்தல் என்பன அவை.

அடைக்கலம் என்னும் சொல் வேறொன்றனைக் குறிக்கும். புகலடைந்தாரையும் அது சுட்டும். ஒருவர் கையில் மற்றொருவர் ஒப்புவித்த பொருளையும் சுட்டும். எனவே அடைக்கலத்தில் மூவர் உளர்: ஒப்புவிப்பவர், ஏற்பவர், ஒப்புவிக்கப்படுபவர். மூன்றாமவர் உயிருள்ளவர் என்பதை முன்னிருவரும் மறந்துவிடும் இடர் இச்சொல்லினுள்ளேயே இருக்கின்றது. ஏமம் என்னும் பழஞ்சொல்லை இதனோடு ஒப்பிடுக. பாதுகாவல், இன்பம் என்னும் இருபொருளும் அதற்கு உண்டு. இன்பத்தினின்று பிரித்த காவலைப் பழந்தமிழர் ஏமம் எனக் கருதவில்லை போலும். காவல் ஒன்றே போதுமாயின், சிறையும் காவலே அன்றோ?

முறை என்பது நேர்ந்துவிட்ட தீங்கை நோக்குவது; அடைக்கலம் இனி நேரக்கூடிய தீங்கை நோக்குவது. முறைக்குக் காலம் பொறுக்கும். அடைக்கலத்திற்கு ஓர் இரவும் பொறாது. இவ்வேறுபாட்டை உளங்கொண்டு இலக்கியங்களுள் நுழைவோம்.

3. பேகனிடம் சென்ற புலவர்

வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை அளித்த வள்ளல். அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியை நாடினான். அது குறித்துக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் நால்வர் பாடிய செய்யுட்கள் ஐந்தும் புறநானூற்றில் 143 முதல் 147 வரை நிற்கின்றன.

இங்கே நாம் நோக்கத் தக்கவை மூன்று. முதலாவது, மனைவியின் குறையை ஆராய வேண்டிய தலைவனே அக்குறைக்குக் காரணமானவன். வீட்டின் தலைவனும் நாட்டின் தலைவனும் ஒருவனே ஆகும்பொழுது அவள் எங்கே முறையிடுவாள்? இரண்டாவது, அவள் தானே வாயில் தேடிச் செல்லவில்லை. வந்த புலவர் அவள் அழுகையைக் கண்டு உசாவினர். பரணர் செய்யுளொன்றில் (144) அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தான் அவனுக்கு உறவுடையவள் அல்லள் என்ற கருத்துப்பட விடையிறுக்கின்றாள். அயலார் பரிவோடு கேட்டதால் அச்சொல் வெளிப்பட்டது. மூன்றாவது, புலவர் தமக்குரிய பரிசிலை வேண்டாது விடுத்தனர். பசித்து வந்ததில்லை என்றும், அணிகலனும் பொருளும் வேண்டுவதில்லை என்றும், அவள் துயர் நீங்கத் தேரேறிச் செல்லுதலே தமக்குப் பரிசில் என்றும் பாடினர். இடர்ப்பட்டவளுக்குத் துணை நிற்பார் தமக்கென ஏதேனும் இழக்க நேரும் என்பதை இச்செய்யுட்கள் காட்டுகின்றன.

அவர்கள் அவளை நோக்கிப் பொறுத்திரு என்று கூறவில்லை. அவனை நோக்கித் திருந்து என்றனர். அறிவுரை செல்ல வேண்டிய திசையை அவர்கள் நன்கறிந்திருந்தனர். ஆயினும் அவர்கள் வேண்டியது கூட்டம் ஒன்றே. பிரிவால் வாடியவளுக்கு அது மருந்தாகலாம்; கையோங்கியவனிடம் அஞ்சி நிற்பவளுக்கு ஆகாது. பரத்தமைக்கு உரிய மருந்தை வன்முறைக்கும் உரியதெனக் கொள்ளுதல் இன்றுவரை நம் குடும்பங்களிலும், சில வேளை காவல் நிலையங்களிலும் நிகழும் பெரும்பிழை. பேகன் தேரேறிச் சென்றானா என்பதையும் செய்யுட்கள் கூறவில்லை.

4. கள்ளூர் அவை

அகநானூற்று 256ஆம் செய்யுள் கள்ளூரில் நிகழ்ந்ததொன்றைக் குறிக்கின்றது. ஒருவன் ஒரு பெண்ணின் நலத்தைக் கவர்ந்தான். பின் அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தான். அவையத்தார் அறிந்தாரைச் சான்றாகக் கொண்டு வினவிப் பொய்யை வெளிப்படுத்தினர். அவனை மரக்கிளையிற் பிணித்துத் தலையில் நீறு பெய்தனர். அவையில் ஆரவாரம் எழுந்தது.

முறையீடு, விசாரணை, சான்று, தீர்ப்பு, தண்டம் ஆகிய ஐந்தும் இங்கு உள. பெண்ணின் சொல்லைப் பொய்யெனத் தள்ளாமல் சான்று தேடிய அவை போற்றத் தக்கதே. இருப்பினும் இந்நிகழ்ச்சி செய்யுளில் எவ்விடத்து நிற்கின்றது என்பதை நோக்க வேண்டும். பரத்தையிற் பிரிந்து வந்த தலைவனுக்குத் தோழி வாயில் மறுக்கின்றாள். அவனைப் பற்றி ஊரில் எழுந்த அலர், கள்ளூர் அவையில் அன்றெழுந்த ஆரவாரத்தினும் பெரிது என்பது அவள் கூற்று. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் நேர்ந்த பெருங்கேடு, மற்றொருத்தியின் முறையீட்டுக்கு உவமையாக வந்து நிற்கின்றது. உவமைக்கு வேண்டுவது ஆரவாரமே. அது முடிந்தவுடன் கள்ளூர்ப் பெண்ணும் செய்யுளினின்று நீங்குகின்றாள். தண்டிக்கப்பட்டவனின் சுற்றத்தார் அவளை என் செய்தனர், அவள் பெற்றோர் மனைக்கதவு திறந்திருந்ததா என்பன உவமையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

இது புலவர் குற்றமன்று. செய்யுளின் அமைப்பு அத்தகையது. ஆயினும் இவ்வமைப்பே நம் சிந்தையின் அமைப்பும் ஆகிவிட்டது. தண்டம் கிடைத்தவுடன் கதை முடிந்ததெனக் கருதுகின்றோம். மாணவி கேட்டது இம்முடிவுக்குப் பின் வரவேண்டிய பகுதியை.

5. குண்டலகேசி

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசி, நாதகுத்தனார் இயற்றியது. அதன் செய்யுட்களாக இன்று நமக்குக் கிடைப்பன 19. கதையை நீலகேசி உரையால் அறிகின்றோம். கொலைக்களம் செல்லவிருந்த கள்வனொருவனை அவள் விரும்பினாள். தந்தை அவனை மீட்டு மணம் செய்வித்தான். ஒருநாள் ஊடலில் அவனது பழந்தொழிலை அவள் சுட்டினாள். அச்சொல்லை நெஞ்சில் வைத்தவன், அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்ல முனைந்தான். இறக்குமுன் கணவனை மும்முறை வலம்வர விடை வேண்டிய அவள், பின்னின்று அவனைத் தள்ளி உயிர் பிழைத்தாள். பிறகு சமயவாதம் புரிந்து திரிந்து, பௌத்தத் துறவியானாள்.

பாலிமொழி மரபில் அவன் அவளது அணிகலன்களை விரும்பியே கொல்லத் துணிந்ததாகக் கதை செல்லும். தமிழ் மரபிலோ காரணம் ஒரு சொல். வேற்றார்க்குச் சிறிதாய்த் தோன்றும் ஒரு சொல்லுக்காக வீட்டினுள் உயிர் போகும் என்பதை இம்மரபு அறிந்திருந்தது. மலையுச்சியில் ஆராய்ச்சி மணி இல்லை, அவையம் இல்லை, தோழியும் இல்லை. முறையீடும் அடைக்கலமும் ஒருங்கே இல்லாவிடத்து எஞ்சுவது கொல்லுதல் அல்லது கொல்லப்படுதலே. அவள் செயலை அறமெனவோ மறமெனவோ வாதிடுவார், அவளுக்கு வேறு வழி எவ்விடத்து இருந்தது என்பதையும் காட்டக் கடமைப்பட்டவர்.

இறுதியில் அவள் பெற்றது சங்கம் என்னும் புகல். சரணம் என்னும் பௌத்தச் சொல்லுக்கு அடைக்கலம் என்பதே பொருள். உலகியலில் இடம் பெறாதவள் உலகைத் துறந்தே இடம் பெற்றாள். துறவை விரும்பி ஏற்றல் வேறு. இருக்க ஓர் இல்லமின்றி ஏற்றல் வேறு. உலகில் இருந்துகொண்டே அச்சமின்றி வாழும் உரிமையே நாம் தேடுவது.

6. சிலப்பதிகாரம் காட்டும் அடைக்கலம்

அடைக்கலத்தையே ஒரு காதைக்குப் பெயராக்கிய காப்பியம் சிலப்பதிகாரம். கண்ணகி கணவன் கையால் அடியுண்டவள் அல்லள். அவள் துயர் வேறு வகையது. எனினும் இடர்ப்பட்ட பெண்ணுக்குப் புகலிடம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இளங்கோவடிகள் போல நுணுகி எண்ணியவர் தமிழில் இலர்.

மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் ஒப்புவிக்கின்றார். முதலில் அவர் இடத்தைத் தேர்கின்றார். ஆநிரை காத்து அதன் பயனை நல்கி வாழும் ஆயர் வாழ்க்கையில் கொடுமை இல்லை என்பதும், மாதரி குற்றமற்றவள், முதியவள், நேர்மையும் இரக்கமும் உடையவள் என்பதும் அவர் எண்ணியவை. ஏற்பவரின் செல்வத்தை அவர் எண்ணவில்லை, இயல்பையே எண்ணினார். அடுத்து, காலத்தை வரையறுக்கின்றார். கோவலன் தந்தையின் பெயர் கேட்டால் நகரத்து வணிகர் விரும்பி வரவேற்பர். அவர் மனை புகும் வரையில் இவள் உன் அடைக்கலம் என்பது அவர் கூற்று. ஆதலின் இஃது இடைக்காலப் புகலிடம். நிலையான வாழ்விடத்திற்குச் செல்லும் வழியில் ஒரு தங்கல். அதன்பின் கடமைகளை வகுக்கின்றார். கண்ணகிக்கு ஆயமும் காவலும் தாயும் ஆகுமாறு மாதரியைப் பணிக்கின்றார்.

இம்மூன்று சொற்களும் ஆழ்ந்து எண்ணற்குரியவை. ஆயமாவது உடனிருக்கும் தோழமை. தனிமையை அது போக்கும். காவலாவது வெளித்தீங்கைத் தடுத்தல். அச்சத்தை அது போக்கும். தாய்மையாவது உணவும் உடையும் நீராட்டும் பரிவும்; இழந்த தன்மதிப்பை அது மீட்கும். இவற்றுள் ஒன்று குறையினும் அடைக்கலம் நிரம்பாது. காவல் மட்டும் உள்ள இடம் சிறை. தோழமை மட்டும் உள்ள இடம் அரணற்ற திண்ணை. பரிவு மட்டும் உள்ள இடம் நாலு நாள் விருந்து.

மாதரி இப்பணியை எவ்வாறு நிறைவேற்றினாள் என்பதைக் கொலைக்களக் காதை கூறும். காவலமைந்த சிறிய மனையொன்றில் கண்ணகியை இருத்துகின்றாள். மகள் ஐயையைத் துணையாக அமைக்கின்றாள். வந்தவர் சாவக நோன்பினர் என்பதை உணர்ந்து, அவர் ஒழுக்கத்திற்கேற்பப் புதிய கலங்களும் அரிசியும் காய்கனிகளும் பாலும் தருகின்றாள். கண்ணகி தன் கையாலேயே சமைக்கின்றாள். புகலடைந்தவள் புகல் தந்தார் வழக்கத்திற்கு மாற வேண்டும் என்று மாதரி எண்ணவில்லை. அவள் ஒழுக்கமும் அவள் அடுப்பும் அவளுடையனவாகவே இருந்தன.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. தன் மனத்துயரைக் கணவனிடம் கண்ணகி விரித்துரைப்பது இந்தச் சிறுமனையிலேதான். மாமனும் மாமியும் வருந்தாதிருக்கப் பொய்ம்முறுவல் காட்டித் துயரை மறைத்ததையும், அவன் செய்தது போற்றத் தகாத ஒழுக்கம் என்பதையும் அவள் ஈண்டுக் கூறுகின்றாள். புகாரில் மாநிதிக் கிழவன் மகளாய், மாசாத்துவான் மருகியாய் இருந்த நாள்களில் இவ்வாறு கூறவில்லை. ஆயர் சேரியின் சிறுமனையில், தன் கையாற் சமைத்து உண்பித்த பின்னர்க் கூறுகின்றாள். மாளிகை தராத வாய்ச்சொல்லை அடைக்கலம் தந்தது. பாதுகாப்பு முன்னும் பேச்சு பின்னும் நிகழ்வன என்பது இதனாற் பெறப்படும். அஞ்சிய பெண்ணை அஞ்சப்படுவான் முன்னிலையில் நிறுத்தி, நடந்ததைச் சொல் என்று கேட்பார், இவ்வரிசையைத் தலைகீழாக்குகின்றனர். பின்பு அவள் சொல் முன்னுக்குப்பின் முரணாயிற்று என்று குறை கூறுகின்றனர்.

அடைக்கலக் காதையின் இறுதியில், மாதரி கண்ணகியுடன் கோட்டை வாயில் கடந்து செல்கையில், மதில்மேல் இருந்த பொறிகளை அடிகள் நிரல்பட எண்ணுகின்றார். பகைவர் எவரும் புக முடியாத அரண் அது. ஆனால் கண்ணகிக்கு வந்த கேடு மதிலுக்கு வெளியிலிருந்து வந்ததன்று. நகரைக் காக்கும் அரண் நகரினுள்ளார் செய்யும் கொடுமையைத் தடுக்காது. வீட்டுக்கும் இஃது ஒக்கும். வீட்டின் கதவு வெளியாரைத் தடுக்கும். உள்ளிருப்பவன் கையைத் தடுக்காது.

இனி முறையீட்டுக்குப் பின் நிகழ்ந்தவற்றைக் காண்போம். வழக்குரை காதையில் வாயிலோன் கண்ணகியை அச்சந்தரும் தெய்வங்களோடு ஒப்பிட்டு அரசனுக்கு உரைக்கின்றான். துயரத்தைச் சீற்றமாக மட்டுமே அவன் கண் கண்டது. ஆயினும் அவன் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. வந்ததை வந்தபடி உரைத்தான். அரசனும் உடனே அழைத்தான்; கேட்டான்; சிலம்பைத் தருவித்து அவள்முன் வைத்தான். எளிமையும் ஆராய்தலும் முறையும் அங்கு உண்டு, காலந்தான் கடந்துவிட்டது. அரசன் வீழ்ந்தான், அரசி வீழ்ந்தாள். அவளுக்குரிய தீர்ப்புக் கிடைத்தது. இருக்க இடம் கிடைக்கவில்லை. கணவனைக் கொலையுண்ட நிலையிற் கண்டபொழுது, இவ்வூரில் பெண்டிர் உளரோ, சான்றோர் உளரோ, தெய்வம் உண்டோ என அவள் வினவினாள். ஊரார் அழுதனர், அரசன் செங்கோல் வளைந்ததென இரங்கினர். ஒரு கதவும் திறந்ததாகக் காப்பியம் கூறவில்லை. பின்னர் மதுரைமா தெய்வமும் அவள் முன்வர அஞ்சிப் பின்னின்று, பழவினையை விளக்கிற்று. கணவனோடு கீழை வாயிலிற் புகுந்தவள், தனியளாய் மேலை வாயிலில் வெளியேறினாள்.

அழுத ஊரும் உண்டு. விளக்கம் தந்த தெய்வமும் உண்டு. ஆயமும் காவலும் தாயும் இல்லை. மாதரி தன் அடைக்கலம் அழிந்த துயரால் தீப்புகுந்ததையும், கவுந்தியடிகள் உண்ணா நோன்பு பூண்டதையும் நீர்ப்படைக் காதை கூறும். அடைக்கலத்தின் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பதற்கு இவை சான்று. ஆனால் ஏற்றவரின் உயிர்நீப்பு ஏற்கப்பட்டவளுக்குப் பயன்படவில்லை. தனியொருவர் அறத்தின்மேல் மட்டும் நிறுத்திய அடைக்கலம் அவரோடு அழியும். ஊரும் அரசும் தாங்கும் அடைக்கலமே நிலைபெறும்.

7. இக்காலப் புனைகதை

ஜெயகாந்தன் 1966இல் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' என்னும் சிறுகதையில், அயலான் ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய மகளுக்குத் தாய் நீராட்டித் தூய்மை கூறுகின்றாள். எவர்க்கும் சொல்லாதே என்கின்றாள். மகள் அடைக்கலம் பெற்றாள். அதற்கு விலையாக வாய்மூட வேண்டியதாயிற்று. பின்னர் எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்னும் நாவலில் (1970) அவரே மறுதலையை எண்ணிப் பார்த்தார். தாய் வாய்விட்டு அரற்றிவிட்டாள்; செய்தி வெளிப்பட்டது; தமையன் கங்கையை வீட்டினின்று துரத்தினான். அவளுக்குப் புகல் தந்த மாமன் சட்டம் கற்றவர், கல்விக்கும் உதவினார், ஆனால் அப்புகலே அவளுக்குத் தொல்லையாயிற்று. மாமனின் தகாத நோக்கை நாள்தோறும் விலக்கிக்கொண்டே அவள் வாழ நேர்ந்தது.

இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும். சொல்லாதவளுக்கு வீடு உண்டு, குரல் இல்லை. சொன்னவளுக்குக் குரல் உண்டு, வீடு இல்லை. வீடு தருவார் கையிலும் தீங்கு இருத்தல் கூடும். கவுந்தியடிகள் ஏற்பவரின் இயல்பை முதலில் ஆராய்ந்ததன் அருமை இங்கு விளங்கும். அடைக்கலம் ஒருவர் தரும் கொடையாக இருக்கும் வரையில் கொடுத்தவர் விலை கேட்கலாம். அஃது உரிமையாகும்பொழுதே விலையற்றதாகும்.

8. சட்டமும் இலக்கியமும்

கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமை 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவால் தனிக்குற்றமாயிற்று. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகளில் இடம்பெறுகின்றது. தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம்விளக்கில் முதலில் தோன்றியது. பிடியாணையின்றிக் கைதுசெய்யத் தக்க குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிதல் கட்டாயம் என 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் உரைத்தது. குடும்பப் பூசல் போன்ற சில வகைகளில் பதியுமுன் குறுகிய ஆய்வுக்கும் அத்தீர்ப்பு இடந்தந்தது. இவையெல்லாம் முறையைச் சார்ந்தன.

அடைக்கலத்தைச் சார்ந்தது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் அது நடைமுறையில் உள்ளது. உடற்கொடுமையோடு பாலியற் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் செய்யும் கொடுமை, பொருள்வழிக் கொடுமை ஆகியவற்றையும் அது வன்முறை என வகுத்தது. மனைவிக்கு மட்டுமன்றி, ஒரே வீட்டில் வாழ்ந்த தாய், தமக்கை, தங்கை முதலியோர்க்கும் அது பொருந்தும். கங்கை போன்றார்க்கும் அதன் கதவு திறந்துள்ளது. காவலர் அவளிடம் அவளுக்குள்ள உரிமைகளை எடுத்துரைத்தல் வேண்டும் (பிரிவு 5). கேட்டால் தங்குமில்லம் இடந்தர வேண்டும் (பிரிவு 6). மருத்துவ நிலையம் மருத்துவம் செய்ய வேண்டும் (பிரிவு 7). அவளேயன்றிப் பாதுகாப்பு அலுவலரோ பிறரோ அவள்பொருட்டு நீதித்துறை நடுவரிடம் விண்ணப்பிக்கலாம் (பிரிவு 12). பரணர் போலவும் தோழி போலவும் பிறர் பேச இஃது இடந்தருகின்றது. முதல் விசாரணை பொதுவாக மூன்று நாளுக்குள் நடைபெறல் வேண்டும். விண்ணப்பத்தை 60 நாளுக்குள் முடிக்க முயலல் வேண்டும். இடைக்கால ஆணையும் உண்டு (பிரிவு 23). பாதுகாப்பு ஆணையை மீறியவனுக்கு ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம் (பிரிவு 31).

இவற்றுள் இலக்கியம் எண்ணாத ஒன்று உண்டு. பொதுவாக வாழ்ந்த வீட்டில் வாழும் உரிமையை 17ஆம் பிரிவு அவளுக்கு வழங்குகின்றது. கொடுமை செய்தவனை அவ்வீட்டினின்று நீங்கச் சொல்லும் ஆணைக்கு 19ஆம் பிரிவு இடந்தருகின்றது. வாயில் கடந்து செல்லவேண்டியவள் அவளே என்பதைக் கள்ளூர் முதல் மதுரை வரை எவரும் ஐயுறவில்லை. அந்த எண்ணத்தை இச்சட்டம் திருப்பி வைத்தது. புகலிடம் வேறெங்கோ இருக்க வேண்டுவதில்லை. அவள் நிற்கும் நிலமே புகலிடமாகலாம்.

இத்துணையும் ஏட்டில் உளவாயினும், தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) காட்டுவது வேறு. உடல்வன்முறையோ பாலியல் வன்முறையோ பட்ட மகளிருள் உதவி நாடியவர் 14 விழுக்காட்டினர். உதவி நாடாமலும் எவர்க்கும் சொல்லாமலும் இருந்தவர் 77 விழுக்காட்டினர். பொய்ம்முறுவல் இன்னும் நம் வீடுகளில் உள்ளது. 181 என்னும் உதவி எண்ணும், 2015 முதல் நிறுவப்பெற்று வரும் ஒருங்கிணைந்த சேவை மையங்களும் இக்குறையை நீக்க எழுந்தவை. அம்மையங்களில் ஐந்து நாள் வரை தங்க இடமுண்டு. மாதரியின் மனை போல இதுவும் இடைக்காலத் தங்கலே. ஆறாம் நாள் எங்கே என்பதற்குத் தங்குமில்லமும், வீட்டுரிமை ஆணையும், வருவாயும் சேர்ந்தே விடை தரல் வேண்டும்.

9. ஒரு தடையும் விடையும்

பழைய இலக்கியத்தை இற்றைச் சட்டத்தின் கண்கொண்டு பார்த்தல் பொருந்துமா எனச் சிலர் தடை நிகழ்த்தலாம். இளங்கோவடிகளைச் சட்ட ஆசிரியர் ஆக்குதல் நம் கருத்தன்று. சங்கப் புலவர் பாடாததைக் குற்றமென எண்ணுதலும் நம் கருத்தன்று. ஒரு காலத்தின் இலக்கியம் எதனைக் கண்டது என்பதோடு, எதனைக் காணாது கடந்தது என்பதும் ஆராய்ச்சிக்கு உரிய பொருளே. சட்டம் செய்ய வேண்டியதைச் சொல்லும். செய்வார்க்கு இருக்க வேண்டிய உள்ளத்தைச் சொல்லாது. காவல் நிலையத்தில் எழுதுமேசை முன் அமர்ந்திருப்பவர் வாயிலோனாக நிற்பதா, பரணராக வினவுவதா என்பதைப் பிரிவு எண்கள் முடிவு செய்வதில்லை. அங்கேதான் இலக்கியக் கல்விக்கு வேலை இருக்கின்றது.

10. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு: தமிழிலக்கியம் முறையீட்டை விரித்தும், முறையீட்டுக்குப் பின்னுள்ள நாள்களைச் சுருக்கியும் பாடியுள்ளது. அடைக்கலத்தின் இலக்கணமாகிய ஆயம், காவல், தாய்மை என்னும் மூன்றையும் ஒருங்கு வகுத்தது சிலப்பதிகாரம். பாதுகாப்பு முன்னும் பேச்சு பின்னும் நிகழ்வன ஆதலின், அடைக்கலம் முறையீட்டின் பின்விளைவு அன்று; அதன் அடிப்படை. அடைக்கலம் அருளாக இருந்தவரையில் நிலையற்றதாயிற்று, உரிமையாகும்பொழுதே நிலைபெறும்.

கள்ளூர்ப் பெண் எந்த வீட்டுக்குத் திரும்பினாள் என்ற வினாவுக்குச் செய்யுளில் விடையில்லை என்று நான் கூறியது உண்மையே. ஆனால் அதனோடு பாடத்தை முடித்தது பிழை. இப்பொழுது அச்செய்யுளைப் பாடஞ் சொல்லும்பொழுது மாணவியின் வினாவையும் சேர்த்தே சொல்லுகின்றேன். கவுந்தியடிகள் மாதரியை எவ்வாறு தேர்ந்தார் என்பதையும், இற்றைச் சட்டத்தில் எப்பிரிவு எதனைத் தருகின்றது என்பதையும் உடன் சொல்லுகின்றேன். 181 என்னும் எண்ணைக் கரும்பலகையில் எழுதுகின்றேன். இலக்கிய வகுப்பில் இஃது எதற்கு என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. எழுதிக்கொள்ளும் கைகளை மட்டும் காண்கின்றேன்.